மக்கீன் ஓடாவி பார்த்த கால்

மக்கீன் ஓடாவி என் காலைப் பார்க்கவில்லை. சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

மரப்படி செய்கிற தச்சருக்குக் கால் எதற்கு என்று கேட்பீர்கள். மற்ற ஓடாவிமார் சுவரை அளப்பார்கள், மேல்தட்டின் உயரத்தை அளப்பார்கள், தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அட்டாளைச்சேனை மக்கீன் அப்படியில்லை. தன் சின்ன லொறியில் ஒரு மரச்சட்டத்தை ஏற்றிக்கொண்டு வருவார். அதிலுள்ள பலகைகளை மேலும் கீழும் நகர்த்தலாம். வீட்டிலுள்ள எல்லாரையும் அதில் ஏறி இறங்கச் சொல்லி, முழங்கால் எப்படி மடங்குகிறது, பாதம் எவ்வளவு தூக்குகிறது என்று குந்தியிருந்து பார்ப்பார். ஏறப்போகிற காலைப் பார்க்காமல் ஒரு பலகைகூட அறுக்கமாட்டார். அடுத்த வளவு ஸுஹைறா வீட்டுக்குப் படி செய்தபோது, காய்ச்சலாய்க் கிடந்த அவளுடைய மாமனாரை எழுப்பி ஏற்றிப் பார்த்த கதை கல்முனைக்குடி முழுக்கத் தெரியும்.

ஆகவே அவர் வருகிறார் என்றதும் நான் காலையிலேயே குதிகாலைத் தேய்த்துக் கழுவி, புதுக் காலுறை போட்டுக்கொண்டு தயாராக இருந்தேன். சிரிக்க வேண்டாம். அந்நிய ஆண் ஒருவர் குந்தியிருந்து பார்க்கப்போகிறார், வெடித்த குதிகாலையா காட்டுவது?

மனிதர் வந்தார். படி நிற்கப்போகிற பக்க விறாந்தையை அளந்தார். மேல்தட்டில் படிக்காக விட்டிருந்த வாயை அளந்தார். அளவு நாடாவைச் சுருட்டினார். லொறியில் இருந்த சட்டத்தை இறக்கவே இல்லை.

"ஓடாவியார், சட்டத்த எறக்கல்லயா?" என்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"தேவல்ல ராத்தா. கால் அளவு வந்துட்டு."

"எங்கேரிந்து வந்த?"

"ஸஜாத் நானா அனுப்பினாரு."

"ஏறப்போறது நான். என்ட கால் இஞ்ச இரிக்கி. என்ட மனுசன் கத்தார்ல இரிந்துக்கிட்டு ஆர்ர அளவ அனுப்பின?"

அவர் பென்சிலைக் காதில் செருகினார். எனக்குச் சூடேறிவிட்டது.

"கால் பாக்காம படி செய்யமாட்டன் எண்டு ஊருக்கெல்லாம் சொல்ற ஆள் நீங்க. எங்கட வீட்டுக்கு மட்டும் பாக்காம செய்யப்போறீங்களா?"

"பாக்காம செய்யல்ல ராத்தா," என்றார், நிலத்தைப் பார்த்தபடி. "பாத்துட்டன்."

அதற்குமேல் நிற்கவில்லை. தேநீரும் குடிக்கவில்லை. லொறி போய்விட்டது.

பாத்துட்டன். எந்தக் காலை? நான் இங்கே நிற்கிறேன். மகள் முஸ்பிறா உள்ளே தையல்காரி தைத்துத் தந்த கலியாணச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த வீட்டில் வேறு யாருக்குக் கால் இருக்கிறது?

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். எங்களுக்குள் வீடு பெண்ணுக்கு. இந்த வீட்டை என் வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்தார். ஸஜாத் மாப்பிள்ளையாக இங்கே வந்து குடியேறினார். இப்போது முஸ்பிறாவுக்கும் றினாஸ் என்கிற பையனுக்கும் பேசி முடித்தாகிவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து நிக்காஹ். அன்றைக்கு இந்த வீடு முஸ்பிறாவுடையது. றினாஸ் வந்து குடியேறுவார். நானும் என் மனுசனும் ஒதுங்க வேண்டும். எங்கள் வளவில் கோழிக்கூடு கட்டக்கூட இடமில்லை என்பதால்தான் மேல்வீடு கட்டினோம். கீழ்வீடு மகளுக்கு, மேல்வீடு எங்கள் இருவருக்கும். மவுத்தாகும்வரை நான் ஏறி இறங்கப்போகிற படி அது.

அந்தப் படியை வேறு ஒரு காலுக்கு அளந்துவிட்டார்கள். அப்படியென்றால் மேல்வீடு யாருக்கு? கீழும் இல்லை, மேலும் இல்லை என்றால் நான் எங்கே போவது?

அன்று பின்னேரம் ஸஜாத் அழைப்பு எடுத்தார். வெறும் குரல் மட்டும். நோன்புக்கு முந்தியிருந்தே இப்படித்தான். முன்பெல்லாம் வீடியோவில் வந்து, சோற்றுக் கோப்பையைக் காட்டி, "இதையெல்லாம் மனிசன் தின்பானா புள்ள" என்று அழுவார். இப்போது கேட்டால், அறைக்குப் புதிதாக ஆட்கள் வந்திருக்கிறார்கள், வீடியோ சரிவராது என்கிறார். பெரிய லொறி ஓட்டுகிற மனிதருக்கு வெளியே இறங்கி நின்று முகத்தைக் காட்ட இடமா இல்லை? கத்தார் முழுக்கவா அறை?

"மக்கீன் வந்தாரா?" என்றார்.

"வந்தாரு. என்ட காலப் பாக்கல்ல."

"அவர்ட்ட எல்லாம் சொல்லிரிக்கன் புள்ள. நீ அதுல தலையிடாத."

"சீமெந்துப் படி கட்டுறதுக்கு மேசன் வந்து நிண்டாரு. நிப்பாட்டெண்டீங்க. என்ன ஏது எண்டு கேட்டா மரப்படிதான் வடிவெண்டீங்க. எண்டைக்கு நீங்க வடிவு பாத்தீங்க?"

"கலியாணத்துக்கு வாறன்தானே. வந்து கதைப்பம்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

இருபது வருடத்துக்கு மேலாக இந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறேன். பொய் சொல்லும்போது அவர் குரல் மெலியும். அன்றைக்கு நன்றாக மெலிந்திருந்தது.

நாலைந்து நாளில் மக்கீன் படியின் வரைபடத்தை முஸ்பிறாவின் போனுக்கு அனுப்பினார். கம்பியூட்டரில் போட்ட படம். விரலால் சுற்றினால் படியும் சுற்றியது. முஸ்பிறா, "எவ்வளவு வடிவு உம்மா" என்றாள். நான் ஸுஹைறாவை மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டேன். அவளுக்கு ஒரு விஷயத்தைக் கொடுத்தால் அதிலிருந்து பத்து விஷயம் எடுத்துத் தருவாள். என் சந்தேகத்துக்குக் கால் இருந்தால் அவளுடையதற்குச் சிறகு.

அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நதீரா மச்சி, எங்கட வீட்டுப் படி இப்பிடியில்ல. இது நல்லாப் பதிஞ்ச, தாழ்ந்த படிகா. எங்கடதுல முக்காவாசி உயரம்கூட வராது. பலகையும் அகலம்."

"ஓம்."

"ரெண்டு பக்கமும் கைபிடி. நடுவில திருப்பத்துல பாரு, குந்துறதுக்குப் பலகை வச்சிரிக்கி. ஏறக்குள்ள களைச்சா இரிக்கிறதுக்கு."

"ஆர் களைக்கிற?"

ஸுஹைறா என்னைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி நடித்தாள். அவள் எதையும் சொல்லாமல் விட்டதில்லை.

"கிழவிக்கு வைப்பாங்க. ஒண்டில் உங்கட மாமி றுகையாவக் கொண்டாந்து வைக்கப்போறாரு. இல்லாட்டி..."

"இல்லாட்டி?"

"புள்ளத்தாச்சிக்கும் இப்பிடித்தான் வைப்பாங்க மச்சி."

அவள் மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் அங்கேயே குந்திவிட்டேன். புள்ளத்தாச்சி. மக்கீன் பார்த்த கால் ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் காலா? பார்த்துவிட்டேன் என்றாரே, அப்படியென்றால் அவள் இந்த நாட்டுக்கே வந்துவிட்டாளா? அட்டாளைச்சேனையில் எங்காவது கூலி வீட்டில் இருக்கிறாளா? வீடியோ வராததன் காரணம் இதுதானா? மனிதர் கத்தாரில்தான் இருக்கிறாரா? நினைக்க நினைக்க எல்லாம் பொருந்திக்கொண்டு வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

முதலில் மாமியைப் பார்த்துவிடுவோம் என்று முடிவுசெய்தேன். மாமியின் முழங்கால்தான் காரணம் என்றால் அழுதுகொண்டே அல்ஹம்துலில்லாஹ் சொல்லியிருப்பேன். எங்கள் வழக்கத்தில் தாய் மகளோடுதான் இருப்பாள், மருமகள் வீட்டுக்கு வந்து குடியிருக்கமாட்டாள். ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். மாமியோடு ஒரு மேல்வீட்டைப் பங்குபோடலாம். மற்றவளோடு முடியாது.

வட்டிலப்பம் அவித்து எடுத்துக்கொண்டு நிந்தவூருக்குப் போனேன். மாமி அங்கே தன் மகளோடு இருக்கிறா. நான் ஓட்டோவால் இறங்கும்போது, என் சந்தேகத்துக்குரிய அந்த முழங்கால்காரி, கிணற்றுக் கட்டின்மேல் ஏறி நின்று முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் ஒரே எட்டில் கீழே இறங்கினா. அந்தக் காலுக்கு ஏணியே போதும், பதிந்த படி தேவையில்லை.

"முழங்கால் எப்பிடி மாமி?" என்று கேட்டும் பார்த்தேன்.

"என்ட முழங்காலுக்கு என்ன புள்ள? அல்லாட கிருபையில நல்லாரிக்கி." பிறகு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, "அவன் ஒன்னோட கதைச்சானா?" என்றா.

"எதப் பத்தி?"

மாமியின் கண் சட்டென்று கலங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்தா. என்னை இழுத்து அணைத்தா. கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த மனுசி என்னை அணைத்ததே இல்லை.

"நீதான் புள்ள பொறுக்கணும். அல்லாஹ் எழுதினதுக்கு ஆர் என்ன செய்ற? அவன வெறுத்துப்போடாத."

மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஒரு மாமி மருமகளிடம் பொறுத்துக்கொள் என்று சொல்லி எதற்கு அழுவாள்? வட்டிலப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பாதி வழி ஓட்டோவில் அழுதேன். பிறகு அழுகை போய் ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால்தான் எனக்குப் புத்தி வேலை செய்யும்.

வீட்டின் உறுதிப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. கீழ்வீட்டின் மேல்தான் மேல்வீடு நிற்கிறது. என் கேற்றைத் தாண்டாமல் ஒரு பலகை உள்ளே வராது. படி இல்லாத மேல்வீட்டுக்கு எவளும் பறந்து போகமுடியாது. ஓட்டோக்காரத் தம்பியிடம் கல்முனைக்கு வேண்டாம், அட்டாளைச்சேனைக்குத் திருப்பு என்றேன்.

மக்கீனுடைய பட்டறை பிரதான வீதியிலிருந்து வயல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. அஸர் தொழுகை முடிந்து அவர் அப்போதுதான் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பட்டறை நடுவில் என் படி நின்றது. பொருத்திப் பார்ப்பதற்காக முழுதாய் நிறுத்தியிருந்தார். முதிரை மரம். எண்ணெய் இன்னும் பூசவில்லை. வடிவாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வடிவாக இருந்ததே எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"இந்தப் படி என்ட வீட்டுக்க வராது," என்றேன்.

மக்கீன் தொப்பியை மடித்தார். "ஏன் ராத்தா?"

"நீங்க பாத்த காலுக்குச் சொந்தக்காரிய முதல்ல எனக்குக் காட்டுங்க. பொறகு படியப் பத்திக் கதைப்பம்."

"காரியா?" என்றார். உண்மையாகவே திகைத்த மாதிரி இருந்தது. பிறகு தலையை ஆட்டினார். "நான் சொல்ல ஏலாது. ஸஜாத் நானா எனக்கிட்ட அமானிதமாச் சொன்ன விசயம்."

"அப்ப ஒருத்தி இரிக்கிறாள்."

"ராத்தா, அல்லாவுக்காக அப்பிடிச் சொல்லாதீங்க."

"புள்ளத்தாச்சியா?"

அந்த நேரத்தில் பலகைமேல் கிடந்த அவருடைய போன் அடித்தது. இருவரும் அதைப் பார்த்தோம். திரையில் ஸஜாத் என்று எழுத்து. வீடியோ அழைப்பு. எனக்கு மாதக்கணக்காக வராத வீடியோ, ஓடாவிக்கு வருகிறது.

"ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பொறகு எடுப்பாரு," என்றார் மக்கீன் மெதுவாக. போன் அடித்துக்கொண்டேயிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், படியைப் பார்த்தார். "நான் வாயால சொல்லமாட்டன் எண்டுதான் வாக்குக் குடுத்த. போன எடுக்கமாட்டன் எண்டு குடுக்கல்ல."

போனை எடுத்து, பசை வாளியில் சாத்தி வைத்து, பொத்தானைத் தொட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். நான் வாளிக்குப் பக்கவாட்டில் நின்றேன். எனக்குத் திரை தெரிந்தது. அதற்கு நான் தெரியவில்லை.

ஒரு அறை. சுவர் ஓரமாகப் பலகைகளை அடுக்கிச் செய்த படி ஒன்று. போனை எங்கேயோ தாழ்வாக வைத்திருந்தார், முகம் தெரியவில்லை. சாரனை முழங்கால்வரை மடித்துக் கட்டியிருந்தது மட்டும் தெரிந்தது. வலது கால் அவருடையதுதான். அந்தக் கெண்டைக்காலில் இருக்கிற பழைய தழும்புவரை எனக்குத் தெரியும். இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. ஒரு உருக்குத் தண்டு இருந்தது. தண்டின் முனையில் சப்பாத்து மாட்டியிருந்தது.

"மக்கீன், இந்தா பாருங்க," என்றது என் மனுசனுடைய குரல். மெலியாத, உண்மையான குரல். அந்தச் சப்பாத்து மெல்ல எழுந்து பலகை விளிம்பில் இடறி, பின் ஏறியது. மற்றக் கால் ஏறியது. "பாத்தீங்களா, இடறுது. இன்னும் ஒரு நூலளவு தாழ்த்திப் பதிச்சா இடறாது. இடறாம ஏறினாத்தான் நதீராவுக்குத் தெரியாம ஏறலாம். அவட கண்ணு பொல்லாத கண்ணு. அவக்கே தெரியாட்டி ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்கு என்ன சத்தம் வந்தது என்று தெரியவில்லை. ஏதோ வந்தது. ஸஜாத் குனிந்தார். முகம் திரைக்குள் வந்தது. தாடி நரைத்திருந்தது. நான் வாளிக்கு முன்னால் போய் நின்றேன்.

"நீயா," என்றார்.

"எப்ப?" என்றேன்.

"நோம்புக்கு முந்தி. சாமான் எறக்கக்குள்ள கட்டு அறுந்து விழுந்துட்டு. அல்லாஹ் உசிரக் காத்து ஹயாத்தத் தந்தான் புள்ள. காலத்தான் எடுத்தாங்க."

காலைத்தான் எடுத்தார்கள். மீன் வாங்கப்போன இடத்தில் மீன் இல்லை, நெத்தலிதான் இருந்தது என்கிற மாதிரிச் சொன்னார். நான் அழுதேன், ஏசினேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன்.

"நான் என்ன நினைச்சன் தெரியுமா? நீங்க ஒருத்தியக் கொண்டாறீங்க எண்டு நினைச்சன். புள்ளத்தாச்சி எண்டு நினைச்சன். உங்கட உம்மாட முழங்காலப் பாக்க நிந்தவூர் போய்ட்டு வாறன்."

அவர் சிரித்தார். கண்ணீரோடு சிரித்தார். "ஒத்தக் காலுக்கு எவள் புள்ள வரப்போறாள்?"

"வாயப் பொத்துங்க. நான் ஒருத்தி இரிக்கன்தானே."

மக்கீன் வெளியே போய்த் தன் லொறியின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர்.

"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ என்ன செஞ்சிருப்பாய்? கீழ்வீட்டக் குடுக்கமாட்டன் எண்டிருப்பாய். என்னக் கீழயே வச்சிருப்பாய்."

"ஓம். இப்பவும் அதத்தான் சொல்றன். நாம கீழ இரிப்பம். முஸ்பிறா மேல போகட்டும்."

"பாத்தியா." அவர் தலையை ஆட்டினார். "கலியாணம் பேசின சபையில இரிந்து கீழ்வீட்டத்தான் குடுத்தம். மாப்பிள பக்கம் ஒத்துக்கொண்டு போனாங்க. இப்ப மாத்தினா, வாக்கு மாறிட்டாங்க எண்டு எழும்பிருவாங்க. என்ட காலால முஸ்பிறாட கலியாணம் நிக்கக்கூடாது புள்ள. அதோட அண்டைக்கு ஊரே வந்து நிக்கும். அவங்க பொண்ணுட வாப்பாவப் பாக்கணும். இந்தக் கம்பியப் பாத்து ச்சோ ச்சோ எண்டக்கூடாது. நான் ஏறுவன் நதீரா. அதுக்குத்தானே பழகுறன்."

எனக்குக் கோபமாக இருந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் கோபம். என்னை அவ்வளவு அறிந்து வைத்திருக்கிற மனிதரை நான் எப்படியெல்லாம் நினைத்துவிட்டேன் என்று வெட்கமாகவும் இருந்தது. கடைசியில், "போனத் தூரமா வச்சிட்டு இன்னொருக்கா ஏறுங்க," என்றேன். "நான் பாக்கணும்."

அவர் ஏறினார். நான் என் பொல்லாத கண்ணால் பார்த்தேன். பார்க்க முடியாமல் இருந்தும் பார்த்தேன். பாதம் இடறாவிட்டாலும், ஏறும்போது இடுப்பு ஒரு பக்கம் சரிகிறது. எந்தப் படியாலும் அதை மறைக்க முடியாது. சாரனும் மறைக்காது. அதோடு அந்த மெதுவான ஏற்றம். கையைக் கைபிடியில் ஊன்றி, நின்று, பிறகு அடுத்தது. கூட்டத்தில் இருக்கிற ஒரு கிழவி போதும், ஒரே பார்வையில் பிடித்துவிடுவாள்.

அதை அவரிடம் சொல்லவில்லை. மக்கீனைக் கூப்பிட்டேன்.

"ஒரு நூல் பதிக்கச் சொல்றாரு. பதிச்சிருங்க," என்றேன். "ஆராவது கேட்டா, நதீரா ராத்தாக்கு முழங்கால் வருத்தம், அதுக்குத்தான் இப்பிடி எண்டு சொல்லுங்க."

"உங்களுக்கா?"

"எனக்குத்தான். இண்டையிலிரிந்து."

அன்றைக்கே தொடங்கினேன். ஓட்டோவால் இறங்கும்போது ஸுஹைறா மதில் ஓரத்தில் நின்றாள். நான் கதவைப் பிடித்து, முனகி, இடது காலை இழுத்து இறங்கினேன். "என்னகா மச்சி?" என்று ஓடிவந்தாள். முழங்காலில் நீர் கட்டியிருக்கிறதாம், கன நாளாக இருந்ததை மறைத்து வைத்திருந்தேனாம், என் மனுசன் அறிந்து எனக்காகத்தான் பதிந்த படி செய்விக்கிறாராம் என்று சொன்னேன். அவள் நம்பினாளோ இல்லையோ, இரவுக்குள் தெரு நம்பிவிட்டது. முஸ்பிறாவிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். மாப்பிள்ளையிடம் எப்போது சொல்வது என்பதை அவளிடமே விட்டேன். அது அவளுடைய வீடு, அவளுடைய குடும்பம்.

படி வந்து பொருத்தியதும் றினாஸின் உம்மா வீடு பார்க்க வந்தா. படியைப் பார்த்து, "இது என்ன சம்மந்தி, சின்னப்புள்ளைகளுக்குச் செஞ்ச மாதிரி?" என்றா. நான் கைபிடியைப் பிடித்து ஏறிக் காட்டினேன். நடுப் பலகையில் குந்தி மூச்சு வாங்கினேன். அவ என் முழங்காலைத் தடவி, எண்ணெய் ஒன்றின் பெயர் சொன்னா. மறுநாள் போத்தலோடு ஆள் அனுப்பினா. மூலிகை நாற்றம் தாங்கமுடியவில்லை, ஆனாலும் பூசினேன்.

ஸஜாத் வந்தது கலியாணத்துக்கு முந்திய கிழமை. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வேனில் வந்து இறங்கி, நீளக் காற்சட்டையோடு நேராக உள்ளே போய்விட்டார். அதன் பிறகு நாங்கள் இருவரும் கதவைப் பூட்டிக்கொண்டு அந்தப் படியில் பழகினோம். நான் முன்னே, அவர் பின்னே. நான் கால் வைக்கிற நேரத்துக்கு அவர் கால் வைக்க வேண்டும். நான் நிற்கும்போது அவர் நிற்க வேண்டும். சரிவராவிட்டால் நான் ஏசுவேன். ஏசும்போது மட்டும் நேராக நிற்பேன்.

நிக்காஹ் பள்ளியில் நல்லபடி முடிந்தது. மாப்பிள்ளையைக் கொண்டுவந்து இருத்தினார்கள். பந்தி முடிந்து, றினாஸைக் கீழ்வீட்டு மண்டபத்தில் விட்டுவிட்டு நாங்கள் மேல்வீட்டுக்குப் போகிற நேரம் வந்தது. பெண்ணின் தாய் தகப்பன் வீட்டை விட்டு ஒதுங்குகிறதைப் பார்க்க எப்போதும் கூட்டம் நிற்கும். பக்கத்து விறாந்தை முழுக்கப் பெண்கள். சம்மந்தி முன்னால் நின்றா. அவரைப் பிடிக்கப்போவது எந்தக் கண்ணாக இருக்கும், எந்தக் கிழவியாக இருக்கும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

நான் முதல் படியில் காலை வைத்தேன். முகத்தைச் சுளித்தேன். காலை இழுத்தேன்.

"யா அல்லாஹ், சம்மந்திக்கு என்ன பாடு," என்று ஒரு குரல் வந்தது.

எல்லாக் கண்ணும் என் காலுக்கு வந்தன. பின்னால் அவருடைய சப்பாத்து பலகையில் படியும் சத்தம் கேட்டது. இடறவில்லை. அடுத்தது. அதுவும் இடறவில்லை. நான் நின்றேன், அவர் நின்றார். இடுப்பு சரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை.

"இஞ்ச பாருங்ககா அந்த மனுசன," என்றா சம்மந்தி, தன் தங்கச்சியிடம். "பொஞ்சாதிக்காக எவ்வளவு மெதுவா ஏறுறாரு. இப்பிடி ஒரு ஆம்பிளயக் கண்டிரிக்கியா?"

பின்னாலிருந்து ஸஜாத் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "போதும் புள்ள, கனக்க நொண்டாத," என்றார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் நன்றாக நொண்டினேன்.